மரத்துக்கு ஏது மார்ச் 31?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில், ஓய்வுபெற்ற வன அலுவலரும் தாவரவியல் துறையின் 1977-80 அணி மாணவருமான நமது உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "காட்டைப் பத்தி ஏதாவது பேசுங்க சார். யானை, புலி கதை இருந்தா பசங்க நல்லா கேப்பாங்க" என்றார். சரி என்றுதான் சொன்னேன். ஆனால் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், 33 வருட சர்வீஸில் யானை என்னைத் துரத்தியது மூன்றே முறை. கருவூலம் துரத்தியது 33 முறை. ஒவ்வொரு மார்ச் மாதமும். ஆகவே என்னை அதிகம் துரத்தியதைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். தம்பிமார்கள் மன்னிக்கவும். யானைக் கதையைச் சாப்பாட்டுப் பந்தியில் சொல்கிறேன்.

பணம் குறைவாக இருக்கும்போது காட்டை எப்படி நிர்வாகம் பண்ணுவது? இதுதான் பேச்சு. வீட்டில் பணம் குறைந்தால் என்ன செய்வோம்? தீபாவளிக்குப் புதுத்துணி ஒரு வருடம் இல்லை என்போம். வெள்ளையடிப்பதைத் தள்ளிப்போடுவோம். தள்ளிப்போட முடிந்ததைத் தள்ளிப்போடுவது குடும்பஸ்தனுக்குத் தெரிந்த வித்தை. காட்டில் அந்த வித்தை பலிக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் அரசாங்கத்தின் வருடம் ஏப்ரல் 1-ல் பிறந்து மார்ச் 31-ல் முடிகிறது. காட்டின் வருடம் வேறு. வடகிழக்குப் பருவமழை பெறும் பகுதிகளில் அக்டோபர், நவம்பரில் நாற்று நட வேண்டும். அந்த நாற்று முழங்கால் உயரமாவது இருக்க வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியிலேயே நாற்றங்காலில் விதை போட்டிருக்க வேண்டும். நடவுக்கான பணமோ, பட்ஜெட் பாஸாகி, உத்தரவு இறங்கி, சரகத்துக்கு வந்து சேர ஜூலை ஆகிவிடும். ஜூலையில் வந்த பணத்தை வைத்துக்கொண்டு ஜனவரியில் விதை போட என்னிடம் மாயமந்திரம் இல்லை. அதனால் ரேஞ்சர்கள் என்ன செய்வோம்? கடைக்காரரிடம் பாலிதீன் பையைக் கடனாக வாங்குவோம். "ஐயா, போன வருஷப் பாக்கியே நிக்குது" என்பார். நிற்கத்தான் செய்யும்.

தீ விஷயம் இதைவிட மோசம். நம் பக்கத்துக் காடுகளில் பிப்ரவரி முதல் மே வரை தீக்காலம். அதற்குமுன், டிசம்பர், ஜனவரியிலேயே தீத்தடுப்புக் கோடு வெட்டி முடித்திருக்க வேண்டும். கோடு என்றால் சாக்பீஸ் கோடு இல்லை. ஆறு முதல் பத்து மீட்டர் அகலத்துக்குப் புல், புதர் எல்லாவற்றையும் செதுக்கி, காய்ந்ததைக் காற்று இல்லாத நேரமாகப் பார்த்துப் பக்குவமாக எரித்து, தரையை வெறுமையாக்கி வைப்பது. எரியும் தீ அங்கே வந்தால் தின்ன ஒன்றும் இருக்காது, நின்றுவிடும். பிறகு தீக்காவலர்களை மூன்று, நான்கு மாதத்துக்குத் தினக்கூலியில் அமர்த்த வேண்டும். இந்த மூன்று, நான்கு மாதத்துக்கு நடுவில்தான் மார்ச் 31 வந்து குறுக்கே நிற்கிறது. மார்ச் 31 இரவோடு பழைய வருடப் பணம் செத்துவிடும். ஏப்ரல் 1-க்குப் புதுப் பணம் பிறக்கும், ஆனால் நம் கைக்கு வர நாளாகும். ஏப்ரல் மாத வெயிலில், காடு சருகாகக் கிடக்கும் நேரத்தில், மலை உச்சியில் இருக்கும் காவலருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தீக்கு இந்தக் கவலையே கிடையாது.

தம்பிகளுக்காகக் கொஞ்சம் பழைய கதை. சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856-ல் தொடங்கியபோது அதன் முதல் கன்சர்வேட்டராக வந்தவர் கிளெக்ஹார்ன் என்ற டாக்டர். வைத்தியர்தான், தாவரவியலும் தெரிந்தவர். (நம் டிபார்ட்மெண்ட் ஆட்கள் எங்கே போனாலும் ஜெயிப்பார்கள் என்பதற்கு அவரே சாட்சி!) அந்தக் காலத்தில் காடு என்றால் வருமானம். ரயில் பாதைக்குக் கட்டை, கப்பலுக்குத் தேக்கு, பிறகு சந்தனம். நான் வேலைக்குச் சேர்ந்த 1984-லும் அந்த வாடை போகவில்லை. திருப்பத்தூர் சந்தனக் கிடங்கில் ஏலம் நடந்தால் வடநாட்டிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வருவார்கள். ஆண்டறிக்கையில் முதல் பக்கமே வருவாய்தான். சம்பாதிக்கும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மரியாதை இருக்கும் பாருங்கள், அந்த மரியாதை எங்களுக்கு இருந்தது.

1996 டிசம்பர் 12-ம் தேதி உச்சநீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு என்ற பெரியவர் நம் நீலகிரி கூடலூர்க் காடு வெட்டப்படுவதைப் பொறுக்காமல் 1995-ல் போட்ட வழக்கு அது. கூடலூரில் ஆரம்பித்து இந்தியா முழுவதற்கும் சட்டமாகிப்போனது. தமிழ்நாட்டின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதற்குத் தடை வந்தது. நல்ல உத்தரவு. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அன்றைக்கே காடு சம்பாதிக்கும் பிள்ளை என்ற இடத்திலிருந்து, செலவு வைக்கும் பிள்ளை என்ற இடத்துக்கு வந்துவிட்டது. காடு தரும் தண்ணீருக்கு யாரும் பில் போடுவதில்லை. போட்டிருந்தால் எங்கள் கதையே வேறு.

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்று. எந்தச் சரகம், எந்த மலை என்பது வேண்டாம். 1990-களின் கடைசி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சரகத்தில் எனக்கு 38 கிலோமீட்டர் தீத்தடுப்புக் கோடு. 24 தீக்காவலர்கள். பெரும்பாலும் மலைக்குடியிருப்பைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்கள். ஒரு வருடம் மழை அபாரம். பிப்ரவரியிலும் பெய்தது, மார்ச்சிலும் பெய்தது. ஒரு இடத்தில்கூடத் தீ இல்லை. காவலர்களைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். செலவாகாத பணத்தை மார்ச் மாதக் கடைசியில் கணக்காகத் திருப்பி ஒப்படைத்தேன். எங்கள் பாஷையில் 'சரண்டர்'. அரசாங்கப் பணத்தை மிச்சம் பண்ணினோம் என்று எனக்குப் பெருமை. வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் ஆபீஸ் கண்காணிப்பாளர் பழம் தின்று கொட்டை போட்டவர். சரண்டர் லெட்டரில் இனிஷியல் போட்டுவிட்டு, "சார், தப்பு பண்றீங்க. அடுத்த வருஷம் பாருங்க" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

அடுத்த வருடம் ஒதுக்கீடு வந்தது. பாதிதான். "போன வருடச் செலவின் அடிப்படையில்" என்று ஒரு வரி. காகிதத்தில் அது நியாயம்தான். செலவழிக்காதவனுக்கு எதற்குக் கொடுப்பது? ஆனால் காட்டில் நடந்தது என்ன தெரியுமா? போன வருட மழையில் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது. இந்த வருடம் மழை பொய்த்தது. அந்தப் புல் முழுக்கக் காய்ந்து, தொட்டால் நொறுங்கியது. அதாவது தீக்குத் தீனி இரண்டு மடங்கு, அதைத் தடுக்கப் பணம் பாதி. நல்ல வருடம்தான் கெட்ட வருடத்துக்கு விறகு சேர்த்துவைக்கிறது. எந்தத் தாவரவியல் மாணவனும் சொல்லிவிடுவான். பட்ஜெட் ஃபார்மில் இதை எழுத ஒரு கட்டம் கிடையாது.

பாதிப் பணத்தில் எல்லாவற்றையும் பாதிப்பாதியாகச் செய்தால் என்ன என்று முதலில் நினைத்தேன். பத்து மீட்டர் அகலத்துக்குப் பதிலாக ஐந்து மீட்டர். அது அசட்டுத்தனம். தீ ஐந்து மீட்டரைத் தாண்டிவிடும். பாதிக் கோடு வெட்டுவதும் பாதிக் கிணறு தாண்டுவதும் ஒன்று. அதனால் 18 கிலோமீட்டரை ஒழுங்காக வெட்டுவது, 20 கிலோமீட்டரை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். இதுவரை நான் செய்தது சரிதான், இன்றும் சொல்வேன்.

எந்த 18? அங்கேதான் தவறினேன். புதிய நடவுத் தோட்டங்களைச் சுற்றி வெட்டினேன். ஏனென்றால் நடவைத்தான் மேலதிகாரி வந்து பார்ப்பார், எண்ணுவார், சதவீதம் போடுவார். குடியிருப்புக்கு மேலே இருந்த சரிவை விட்டுவிட்டேன். அந்தச் சரிவில் நட்ட மரம் எதுவும் இல்லை, தானாக வளர்ந்த காடுதான் இருந்தது. அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. காவலர்களை 24-லிருந்து 11 ஆகக் குறைத்தேன். அப்புறம் மாதாந்திர அறிக்கையில் என் கையாலேயே எழுதினேன்: "தீத்தடுப்புப் பணிகள் ஒதுக்கீட்டிற்குள் நிறைவேற்றப்பட்டன. நிலைமை திருப்திகரம்." ஒரு சொல்லும் பொய்யில்லை. ஒதுக்கீட்டிற்குள் நிறைவேறியது உண்மைதானே!

மார்ச் மூன்றாவது வாரம் மத்தியானம் இரண்டு மணிக்குப் புகை தெரிந்தது. எங்கே என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அதற்குள் குடியிருப்பு ஆட்களே பச்சைத் தழையை ஒடித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் நான் வேலையிலிருந்து நிறுத்திய 13 பேரில் ஒருவர். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கூலி கிடையாது, அவர் வரவேண்டிய கடமையும் கிடையாது. அவர் வீடு அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். சரிவில் காற்று திரும்பியபோது கால் வழுக்கி எரிந்த புல்லில் விழுந்தார். இரண்டு உள்ளங்கையும், வலது முழங்காலுக்குக் கீழேயும் வெந்துபோயிற்று.

ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஐயா, நோட்டுல என் பேரு இருக்குங்களா?" மஸ்டர் ரோலைத்தான் கேட்கிறார். இல்லை. நான்தான் எடுத்துவிட்டேனே. பேர் இல்லாதவருக்கு வைத்தியச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது? எழுத வழியில்லை. அலுவலகத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பார்த்தோம். உயிருக்கு ஆபத்தில்லை, பிழைத்துக்கொண்டார். ஆனால் வலதுகையின் இரண்டு விரல்கள் இன்றுவரை முழுசாக மடங்காது. தேனெடுக்க மரமேறிய கை அது.

அன்றைக்கு ராத்திரி அந்த மாதாந்திர அறிக்கையின் நகலை எடுத்துப் படித்துப் பார்த்தேன். பணம் குறைந்தது என் தப்பில்லை. எதை விட்டேன் என்பதை மேலே எழுதிச் சொல்லாதது என் தப்பு. "சமாளிச்சுடலாம்" என்று நாம் சொல்கிறோமே, அரசாங்க வேலையில் அது மகா ஆபத்தான வார்த்தை. நான் சமாளித்துவிட்டேன் என்று எழுதினால், மேலே இருப்பவர் பாதிப் பணமே போதும் என்றுதான் எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்த வருடத்திலிருந்து ஒதுக்கீடு வந்த வாரமே ஒரு கடிதம் எழுதும் பழக்கம் வைத்துக்கொண்டேன். இவ்வளவு பணம் வந்திருக்கிறது. இதில் இன்ன இன்ன வேலை நடக்கும். இன்ன சரிவில், இத்தனையாவது கிலோமீட்டரிலிருந்து இத்தனையாவது வரை கோடு வெட்டப்பட மாட்டாது. அதற்குக் கீழே இத்தனை வீடுகள் இருக்கின்றன. அவ்வளவுதான், அழுகையும் இல்லை, வசனமும் இல்லை. முதல் தடவை ஒரு மேலதிகாரி கூப்பிட்டு, "என்னய்யா, எழுதி வச்சுத் தப்பிச்சுக்கப் பாக்குறியா?" என்றார். கொஞ்சம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது வருடம் அதே அதிகாரி வேறொரு சரகத்தில் மிச்சமிருந்த பணத்தை என் பக்கம் மாற்றிக் கொடுத்தார். வீடுகள் எத்தனை என்று எழுதிய காகிதம் மேஜையில் கிடக்கும்போது யாருக்கும் சும்மா இருக்க மனசு வராது.

பணம் இல்லாமலே செய்ய முடிந்த காரியங்களும் இருந்தன. குடியிருப்புப் பெண்கள் கூரைக்கும் துடைப்பத்துக்கும் புல் அறுப்பார்கள். முன்பெல்லாம் அவர்களைத் தடுத்து விரட்டியது நாங்கள்தான். அவர்களிடமே போய், "அறுக்கிறதை அந்தச் சரிவில, பொங்கலுக்கு முன்னாடி அறுங்கம்மா" என்றோம். புல் அவர்களுக்கு, பாதிக் கோடு எங்களுக்கு. மூத்த பாட்டி ஒருவர் சிரித்துக்கொண்டே, "இதச் சொல்ல உங்களுக்கு இத்தன வருஷமா?" என்று கேட்டார். இன்னொன்று, நடவைக் குறைத்துக்கொண்டது. 100 ஹெக்டேருக்கு இலக்கு வந்தால், "மூன்று வருடப் பராமரிப்புக்கு 40 ஹெக்டேருக்குத்தான் பணம் தேறும், ஆகவே 40 நடுகிறேன்" என்று எழுதினேன். மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். கன்றை நட்டுவிட்டுக் களை எடுக்கப் பணமில்லாமல் விடுவது குழந்தையைப் பெற்றுச் சந்தையில் விட்டுவிட்டு வருவது மாதிரி.

இது நம் ஊர்ச் சங்கடம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் வன சேவையைப் பாருங்கள், எவ்வளவு பெரிய நிறுவனம்! 1995-ல் அதன் பட்ஜெட்டில் தீக்கான செலவு 16 சதவீதம். 2015-ல் அது பாதியைத் தாண்டிவிட்டது. தீயணைக்கும் பணம் தீர்ந்துபோனால் மற்ற வேலைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து அணைப்பார்கள். அந்த மற்ற வேலையில் காட்டின் அடர்த்தியைக் குறைத்துத் தீயை முன்கூட்டியே தடுக்கும் வேலையும் ஒன்று. ஆக, தீயை அணைக்க அடுத்த தீயைக் கடன் வாங்குகிறார்கள். பல வருடம் கூச்சல் போட்டபிறகு 2018-ல் சட்டம் கொண்டுவந்து, மோசமான வருடங்களுக்கென்று தனி நிதி வைத்தார்கள். 2020-லிருந்து அது நடைமுறைக்கு வந்தது. டாலரில் எழுதினாலும் எங்கள் சரண்டர் லெட்டரின் அண்ணன்தான் அது.

இப்போது பணமே இல்லையா என்று கேட்டால், அப்படியும் சொல்ல முடியாது. ஜப்பான் நிதியுதவியோடு 1997-ல் காடுவளர்ப்புத் திட்டம் வந்தது. கிராம வனக்குழுக்கள், கசிவுநீர்க் குட்டைகள், தடுப்பணைகள் என்று நல்ல வேலைகள் நடந்தன. ஆனால் திட்டப் பணம் மாப்பிள்ளை விருந்து போன்றது. முடிந்ததும் மறுநாள் பழைய சோறுதான். அடுத்து ஈடுசெய் காடுவளர்ப்பு நிதி. அணைக்கும் சுரங்கத்துக்கும் காட்டை எடுத்துக்கொள்பவர்கள் கட்டும் பணம். 2016-ல் அதற்குச் சட்டம் வந்து, 2019 ஆகஸ்டில் மத்திய அரசு மாநிலங்களுக்கு 47,000 கோடி ரூபாய்க்கு மேல் பிரித்துக் கொடுத்தது. அதில் ஒடிசாவுக்கு மட்டும் 5,900 கோடிக்கு மேல். காட்டை அதிகமாகப் பறிகொடுத்த மாநிலத்துக்கு அதிகப் பணம். பத்திரமாகக் காத்து வைத்திருந்தவர்களுக்குக் குறைச்சல். கணக்குப்படி சரி. வீட்டில் பானையை உடைத்த பிள்ளைக்குத்தான் புதுப் பானை என்றால் மற்றப் பிள்ளைகள் என்ன நினைக்கும்?

நல்ல ஏற்பாடுகளும் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். 2006-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபிறகு, புலிகள் காப்பகங்களில் நுழைவுக் கட்டணமாக வரும் பணம் அந்தந்தக் காப்பக அறக்கட்டளையிலேயே தங்கி அங்கேயே செலவாக வழி பிறந்தது. மார்ச் 31 அதைத் தொடாது. அதேபோல முதுமலைப் பக்கம் மஞ்சள்கொன்றை என்ற அந்நிய மரம் காட்டையே மூடிவந்தது. அதை வெட்ட நம்மிடம் பணம் எங்கே? கரூர்ப் பக்கம் இருக்கும் டி.என்.பி.எல். காகித ஆலை கூழுக்கு எடுத்துக்கொள்ள ஏற்பாடானது. கூலி கொடுத்து வெட்ட வேண்டிய களையை அவர்கள் விலை கொடுத்து எடுக்கிறார்கள். இதற்கெல்லாம் பெரிய தத்துவம் தேவையில்லை, கொஞ்சம் குடும்பப் பெண்மணியின் மூளை போதும்.

ஆனால் ஒன்றை மட்டும் யாராவது சிக்கனம் என்று சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். காவலர் கூலி. பட்ஜெட்டில் கத்தரி வைக்க மிகவும் சுலபமான இடம் அதுதான். நிரந்தர ஊழியர் சம்பளத்தைத் தொட முடியாது. வண்டி, கட்டடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தினக்கூலிக்காரர் கோர்ட்டுக்குப் போக மாட்டார், மனுக்கூடப் போட மாட்டார். நான் 24-ஐ 11 ஆக்கியபோது எனக்கு ஒரு எதிர்ப்புக் கடிதம்கூட வரவில்லை. அந்த 13 பேருக்கும் ஒவ்வொரு ஓடையும் ஒவ்வொரு பாறையும் தெரியும். தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று காற்றை முகர்ந்தே சொல்வார்கள். கோயம்புத்தூர் ரேஞ்சர் காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்த எனக்கு அது வராது.

பசங்க யாராவது வனத்துறைத் தேர்வு எழுதுவதாக இருந்தால், புலியைப் பார்க்கலாம் என்ற ஆசையோடு மட்டும் வராதீர்கள். பத்து நாள் பைலில் உட்கார்ந்தால் ஒரு நாள் காடு. சலிப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பைலில் ஒரு வரியை விட்டுவிட்டால் மலையில் என்ன நடக்கும் என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தம்பியை, இப்போது அவரும் நடுவயதுக்காரர், நான் ஓய்வுபெற்றபிறகும் வருடம் ஒருமுறை போய்ப் பார்த்து வருகிறேன். சரகத்தில் வேட்டைத்தடுப்புக் காவலராக இருக்கிறார். போன தடவை ஜனவரியில் போனேன். குடியிருப்புக்கு மேலே அதே சரிவில் 15 பேர் கோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் நோட்டை வைத்துக்கொண்டு பேர் எழுதிக்கொண்டிருந்தார், மடங்காத விரல்களுக்கு நடுவில் பேனாவைச் செருகி. என்னைப் பார்த்ததும், "ஐயா, உங்க பேரையும் எழுதிரட்டுங்களா?" என்று கேட்டார். அரிவாளை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் செதுக்கினேன். முதுகு நான்கு நாள் வலித்தது.

தாவரவியல் துறை மாணவர்களை அடுத்த ஜனவரியில் அங்கே அழைத்துப்போகத் துறைத்தலைவர் சம்மதித்திருக்கிறார். பஸ் செலவை எங்கள் 1977-80 அணி ஏற்றுக்கொள்கிறது. அரிவாள் அங்கே இருக்கிறது, தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் நீங்கள் கொண்டுவர வேண்டும். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். யானைக் கதை பந்தியில்.